சின்னப் பெட்டி மலிவா?

"சிறிய மேசைக்கணினி மலிவு, பள்ளிக்குப் பத்து வாங்கிவிடலாம்" என்கின்றனர் நிபோங் திபால் பெற்றோர் சிலர். நான் மறுக்கிறேன். பெட்டியின் விலை கணினியின் விலை ஆகாது!

2005-இல் ஆப்பிள் நிறுவனம் மேக் மினியை 499 அமெரிக்க டாலருக்கு வெளியிட்டது. அதனுடன் திரை இல்லை; விசைப்பலகை இல்லை; சுட்டியும் இல்லை. 2024-இல் 599 டாலருக்கு வந்த மேக் மினிக்கும் அதே நிலைதான். வேகத்தில் குறையில்லை. ஆனால், அதன் 16 ஜிபி நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலாது. வீட்டில் திரை வைத்திருப்பவருக்கு அது நல்ல பேரம். ஒன்றுமில்லாத வகுப்பறைக்கோ பத்துத் திரைகளின் செலவும் சேரும்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறிய கணினிகள் மலிவானவை. பலவற்றில் நினைவகத்தை மாற்றலாம். அவற்றிலும் விழிப்பு வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 14.10.2025-இல் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய சில்லுகள் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அவற்றுக்கு லினக்சே வழி.

பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணம் உழைப்பாளிகளின் வியர்வை. முழுச்செலவையும் ஐந்தாண்டுப் பயன்பாட்டையும் கணக்கிட்ட பின்னரே கையொப்பமிடுங்கள். பெட்டியின் அழகு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தாது!