கொல்லையில் வாத்து: முட்டைக்கு முன்னே ஓர் அமானிதம்

 

காவிரி டெல்டாவில் வாழும் நமக்கு வாத்து புதிதன்று. அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் மேய்ப்பர்களைச் சிறுவயது முதலே கண்டு வருகிறோம். வீட்டுக் கொல்லையில் நான்கைந்து வாத்துகளை வளர்த்தால் முட்டைக்குக் கடையை நாட வேண்டியதில்லையே என்னும் ஆர்வம் இப்போது நம் உறவினர் சிலரிடமும் காணப்படுகிறது. நல்ல ஆர்வமே. ஆயினும் அது முட்டைக் கணக்கில் தொடங்கக் கூடாது, கடமைக் கணக்கில் தொடங்க வேண்டும் என்பதே நம் கருத்து. பட்டறிந்த பிறகே இதனை எழுதுகிறோம்.

பயனை மறுப்பதற்கில்லை. வாத்து முட்டை கோழி முட்டையைவிடப் பெரியது. ஏறத்தாழ 65 முதல் 70 கிராம் எடை இருக்கும். மஞ்சள் கருவும் பெரிது. வட்டிலப்பம் செய்யும் வீடுகளில் இதன் அருமை தெரியும். இங்கிலாந்தில் 1900ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கப்பட்ட காக்கி கேம்பெல் இனம், நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 250 முதல் 300 முட்டைகள் வரை இடக்கூடியது. குஞ்சு வளர்ந்து ஐந்தாறு மாதங்களில் முட்டையிடத் தொடங்கிவிடும். இந்தக் கணக்கைப் பார்த்தே நாங்களும் ஆறு குஞ்சுகளை வாங்கினோம்.

வாங்கியவற்றைப் பழைய கோழிக்கூட்டில் அடைத்தோம். கோழிக்கு வைப்பதுபோல் ஆழமற்ற தட்டில் தண்ணீர் வைத்தோம். சில வாரங்களில் அவற்றின் கண்களைச் சுற்றிப் பொருக்குக் கட்டியது. மூக்குத் துளைகள் அடைத்துக்கொண்டன. வாத்துக்குத் தாகம் தீர்க்க மட்டுமன்று, கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்ளவும் தலை மூழ்கும் அளவு நீர் வேண்டும் என்பதை அதுவரை நாங்கள் அறிந்திருக்கவில்லை. அடுத்து, மழைக்காலத்தில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை, வீணாக்கக் கூடாதென்று தீவனத்தில் கலந்தோம். பூஞ்சையின் நஞ்சைக் கோழியைவிட வாத்து குறைவாகவே தாங்கும். இரண்டு வாத்துகள் இறந்தன. வீணாக்காமை என்று நாங்கள் எண்ணியது உண்மையில் அலட்சியமாகவே முடிந்தது.

ஒரு பூனையை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டனைக்கு உள்ளானதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். பலமுறை கேட்ட செய்திதான். எனினும் அந்த இரண்டு வாத்துகளைப் புதைத்த நாளில்தான் அது எங்களைப் பற்றியதாகவும் கேட்டது. வெளியில் திரியும் உயிர் தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும். கதவை அடைத்து வைத்த உயிருக்கோ நாமே பொறுப்பு. அதன் தேவையை அறியாதிருந்தோம் என்பது முழுமையான விடையாகாது. அறிந்துகொண்டு வாங்கியிருக்கலாம் அல்லவா?

அறிந்துகொள்ள வேண்டியவை மிகுதியும் அல்ல. தலை மூழ்கும் ஆழமுள்ள தொட்டி ஒன்று, நாள்தோறும் மாற்றப்படும் நீர். நொய், தவிடு போன்றவற்றை உலர்வாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். நனைத்துப் பிசைந்து, அருகில் நீரும் வைக்க வேண்டும். இரவில் கீரியும் நாயும் புகாத கொட்டில், அதனுள் ஈரமற்ற வைக்கோல். வாத்து பெரும்பாலும் விடியற்காலையிலேயே முட்டையிடும். ஆகவே காலை 8 அல்லது 9 மணிவரை கொட்டிலில் வைத்திருந்து பிறகு திறந்துவிட்டால் முட்டை குளத்தில் விழாது. ஓட்டில் அழுக்குப் படிவதால் முட்டையை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

முட்டைக்காக மட்டும் வளர்ப்போர்க்கு ஆண் வாத்து தேவையே இல்லை. குஞ்சு வேண்டுமாயின் ஐந்தாறு பெட்டைகளுக்கு ஓர் ஆண் போதும். மிகுதியான ஆண்கள் பெட்டைகளைக் காயப்படுத்தும். மிகுந்தவற்றை அறுப்பதாயின், கத்தியைக் கூராக்கி, பிற வாத்துகளின் கண்ணில் படாமல், துன்பம் குறைத்து அறுப்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்கு.

இனி, நாம் மிகவும் மறக்கும் கடமை ஒன்றுண்டு. எஞ்சிய நான்கு வாத்துகளும் நலமாக வளர்ந்து முட்டையிட்டபோது, அடுத்த வீட்டில் தனித்து வாழும் மூதாட்டிக்கு வாரந்தோறும் சில முட்டைகள் கொடுத்தோம். அண்டை வீட்டாரின் உரிமையை நிறைவேற்றிவிட்டதாக மகிழ்ந்தோம். வாத்துகளோ வேலியின் இடைவெளி வழியே அவர் முற்றத்திற்குச் சென்று அசுத்தம் செய்துவந்தன. வாத்தின் எச்சம் ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் நஜீஸ். முற்றத்தில் தொழுகைப் பாய் விரிக்கும் அவர், ஒவ்வோர் அஸருக்கு முன்பும் குனிந்து அந்த இடத்தைக் கழுவியிருக்கிறார். இதனை அவர் சொல்லவில்லை. அவரைக் காண வந்த மகள் சொல்லியே அறிந்தோம். ஏன் எங்களிடம் கூறவில்லை என்று கேட்டபோது, “முட்டை கொடுக்கிற வீட்டுல போய் எப்படிம்மா குறை சொல்றது?” என்றார்.

நாங்கள் கொடுத்த அன்பளிப்பே அவர் வாயை அடைத்திருந்தது. அன்று மாலையே வேலியை அடைத்தோம். பிறர்க்குத் தரும் தொல்லையை, அவர்க்குக் கொடுக்கும் நன்மையால் ஈடுசெய்ய முடியாது. தொல்லையை நிறுத்திய பிறகு கொடுப்பதே அன்பளிப்பு.

எனவே நம் கருத்து இதுதான். நீர் வசதியும், இரவுக் காவலும், வேலியும், நாள்தோறும் கவனிக்க ஓர் ஆளும் உள்ள வீட்டார் தாராளமாக வாத்து வளர்க்கலாம். அது ஹலாலான உணவு; பிள்ளைகளுக்குப் பொறுப்பைக் கற்பிக்கும் பள்ளியும்கூட. விடுமுறையில் வீட்டைப் பூட்டிச் செல்வோரும், மாடியில் ஒரு மூலையை மட்டும் ஒதுக்க இயன்றோரும் கடையில் முட்டை வாங்கிக்கொள்வதே நலம். அதில் குறையேதும் இல்லை. பிள்ளையின் பிடிவாதத்திற்காக விளையாட்டுப் பொருள்போல் குஞ்சு வாங்கித் தருவதில்தான் குறை உண்டு.

நம் பொறுப்பில் உள்ள வாயில்லா உயிர்கள் குறித்தும், வாய் திறந்து சொல்லத் தயங்கும் அண்டை வீட்டார் குறித்தும் கேட்கப்படும் நாளில், வெட்கமின்றி விடையளிப்போராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.