ஆடுகளத்திற்கு வாயிற்காவலா?

ஆங்கிலப் புத்தாண்டு நெருங்குந்தோறும் பெங்களூரின் விடுதிகளும் குடிப்பகங்களும் ஆட்ட இரவுக்கு ஆள் சேர்க்கின்றன. இணையராய் வருவோர்க்கு ஒரு கட்டணம். பெண்டிர்க்குக் குறைகட்டணம், சிலவிடத்து அதுவுமில்லை. தனித்து வரும் ஆடவனுக்கோ மிகுகட்டணம், அன்றேல் நுழைவே இல்லை. அவனைக் குறிக்க ஆங்கிலர் வழங்கும் சொல், ஆண்மானின் பெயர்! மாந்தனை விலங்கின் பெயரால் அழைத்துவிட்டு, அவன் விலங்காய் நடப்பானென அஞ்சுவது விந்தையன்றோ?

ஊற்றங்கரை வட்டத்துக் கல்லாவியிலும் சுற்றூர்களிலும் பிறந்து, ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் சென்று, ஓரறையில் ஐவராய் ஒடுங்கிக் கிடக்கும் நம் இளைஞர்க்கும் அவ்வாயில் அடைபட்டதே.

எனினும், பெண்டிரின் அச்சம் பொய்யன்று. 2016 திசம்பர் 31 இரவு, பெங்களூர் மகாத்துமா காந்தி சாலையிலும் பிரிகேடு சாலையிலும் திரண்ட கூட்டத்தில் பெண்கள் தீண்டி இழிவுறுத்தப்பட்டனர். அன்றைய கருநாடக உள்துறை அமைச்சர் பரமேசுவராவோ, இளையோர் மேலையர் உடையையும் போக்கையும் பின்பற்றுவதைக் குறைகூறினார். தீண்டிய கையை விட்டு உடையைப் பழிப்பது என்ன முறை? மேலை நாகரிகத்தைக் கடியும் நம்மவரும் இதில் தடுமாறலாகாது.

விடுதியாரின் கட்டுப்பாடு இதற்கு மருந்தாகுமா? ஆகாது. பெண்ணைக் கட்டணமின்றி அழைத்து, அவளைக் காட்டி ஆடவனிடம் பணம் பறிப்பது வாணிகம். துணையோடு வந்தவனெல்லாம் ஒழுக்கமுடையான் என்பதற்கு உறுதி யார் தருவார்?

தமிழன் ஆடுகளம் வேறு. குறுந்தொகை 31ஆம் பாட்டில் ஆதிமந்தியார், வீரர் கூடிய விழாவிலும் மகளிர் துணங்கையிலும் தம் தலைவனைத் தேடுகிறார். தம்மையும் அவனையும் ஆடுகளத்தார் என்றே கூறுகிறார். இருவரும் தத்தம் ஆட்டத்தால் களம் புகுந்தவர்; ஒருவர்க்கு ஒருவர் நுழைவுச்சீட்டு அல்லர். ஒயிலாட்டத்தில் ஆடவர் வரிசையாய் நிற்பர். கும்மியில் பெண்டிர் வட்டமிடுவர். ஒருவன் அடி தவறினால் வரிசையே கெடும். ஆகவே உடன் ஆடுவோரே அவனைத் திருத்துவர். பார்ப்போர் அவன் ஊராரும் உறவினருமாவர். அங்கே தனியன் என்று ஒருவன் இல்லை.

ஊரையும் வரிசையையும் இழந்து, ஊதியத்தை மட்டும் கையிற்கொண்டு நிற்பவனே இன்றைய தனியன். அவனுக்கு வேண்டுவது வரிசையில் ஓர் இடம். ஓசூர்த் தொழிலாளர் குடியிருப்புகளில் வரும் பொங்கலன்று ஒயிலும் கும்மியும் எழட்டும். கட்டணம் வேண்டா, கைகட்டுப்பாடு வேண்டும். பெண் அஞ்சாமல் வந்து, அஞ்சாமல் வீடு திரும்பும் களமே தமிழ்க்களம். அதனை அமைக்க இளைஞரே முன்வருக!