முன்பாரமா, பின்பாரமா?

என் அம்மாவுக்கு 71 வயசு. சின்னப் பெண்ணாக இருந்தபோது கூண்டு வண்டியில் வைக்கோல் மேல் பாய் விரித்துப் படுத்து, வழியில் மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்டு அழகர்கோயில் போய் வந்தவள். ''இன்னொரு தடவை அப்படிப் போகணும்யா'' என்றாள் பொங்கலன்று. மூட்டுவலி... பஸ் படி ஏற முடியாது, லாட்ஜ் மாடி ஏறவே முடியாது.

காரைக்குடியில் இல்லாத வீடா சார்? ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். என்ன, எதற்கும் சக்கரம் கிடையாது. (நான் இருப்பது அதில் ஒரு மூலையில், அதுவும் வாடகைக்கு.) ஆகவே, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீடு ஒன்று வாங்குவதென்று என் பி.காம். மூளை தீர்மானித்தது.

வெளிநாட்டில் இதற்கு கேரவன் என்று பெயர். 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கப்பற்படை டாக்டர், ஓய்வு பெற்றபின் ஊர் சுற்றவென்றே ஒன்று செய்துகொண்டார். இழுத்தவை இரண்டு குதிரைகள். நம்ம கூண்டு வண்டிதான், கொஞ்சம் ஜம்பமாக!

பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற கரூரில், ஒரு பட்டறையில் படம் போட்டுக் கொடுத்தார்கள். பின்பக்கம் முழுக்கச் சமையல்கட்டு, நிலைக்கண்ணாடி பீரோ, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. வீட்டு அம்மணி திரையைப் பார்த்ததுமே ஓ.கே. அட்வான்ஸ் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் தெருவில் வண்டி ஓட்டி ஓய்ந்த தாத்தா ஒருத்தர் உண்டு. பெருமைக்காக அவரிடம் படத்தைக் காட்டினேன். திரையைப் பார்க்கவில்லை மனுஷன். சக்கரத்தைப் பார்த்தார்.

''தம்பி, இது பின்பாரமால்ல இருக்கு?''

முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் நுகத்தடி தூக்கிக்கொண்டு, கயிறு கழுத்தை நெரிக்கும். காருக்கும் அதே கணக்குதான் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. மொத்த எடையில் பத்து சதவீதம் போல கொக்கியில் இறங்க வேண்டுமாம். பின்னால் கனத்தால், வேகம் பிடித்ததும் ட்ரெய்லர் இப்படியும் அப்படியும் ஆட ஆரம்பித்து, காரையும் சேர்த்து ரோட்டை விட்டு இழுத்துவிடும். உள்ளே... இல்லை, காரில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும்.

ராத்திரி லெட்ஜர் போட்டேன். நூறு லிட்டர் தண்ணீர், நூறு கிலோ. முழு சிலிண்டர் சுமார் 30. அடுப்பு, பாத்திரம், அரிசி... எல்லாம் பின்னால்! அடுத்த பக்கம் இன்னும் மோசம். புதிதாக இழுக்கிறவர்களுக்கு, ட்ரெய்லர் எடை கார் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டனில் சொல்கிற கணக்கு. என் பழைய மாருதி 800 சுமார் 650 கிலோ. அப்படியானால் 550-தான். பட்டறைக்காரர் சொன்னது, காலி வண்டியே 900!

மறுநாள் படத்தைத் திருத்தினோம். பீரோ அவுட். ஏ.சி. அவுட். தண்ணீர்த் தொட்டியும் அடுப்பும் அச்சுக்குப் பக்கத்தில். ட்ரெய்லரும் சட்டப்படி மோட்டார் வாகனம்தான், தனியாகப் பதிவு பண்ண வேண்டும். அதற்கு முன்னால் காரை மாற்ற வேண்டும். ஆக, இந்த ஆடிக்கு இல்லை, அடுத்த ஆடிக்கு.

அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

''இருக்கட்டும்யா. நிறுத்துற இடத்துல எனக்கு எங்க படுக்கை?''

''அச்சுக்கு நேரா, நடுவுலம்மா.''

''அங்கதான் எங்க அப்பத்தா படுத்துக்கும். குலுங்காது'' என்றாள்.

திரையை மட்டும் அம்மணி விட்டுக்கொடுக்கவில்லை. எடை போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோகூட இல்லை.