மாமா இல்லாத பையன்

திட்டக்குடியில் பஸ் ஏறி வெள்ளாற்றைத் தாண்டினால் பெரம்பலூர் ஜில்லா ஆரம்பமாகிறது. தாண்டியதும் லெப்பைக்குடிக்காடு. கடைவீதியையும் மாடி வீடுகளையும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்த பக்கத்து ஸீட்டுக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பார்த்தால் சாது.

"அவர்கள் கெட்டிக்காரர்கள், சார். ஒருத்தன் துபாய்க்குப் போனால் தன் ஆட்கள் பத்துப் பேரை இழுத்துக்கொள்வான். எல்லாம் மதப்பற்று! நம்மிடம் அந்த ஒற்றுமை ஏது? நமக்குத் தகுதி ஒன்றுதான் துணை" என்றார்.

பஸ் பெரம்பலூரை அடைவதற்குள் அவருடைய குடும்ப வரலாறு முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர் பெரிய மாமா. பிள்ளை சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அங்கே மானேஜர், சம்பந்தி வீட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. மருமகளுக்கு இடம் பார்த்துக் கொடுத்தவர் ஜாதிச் சங்கத்துக் காரியதரிசி. இவ்வளவையும் வாய் நிறையச் சொன்ன பிறகும், தகுதி ஒன்றுதான் துணை என்ற வாக்கியத்தை அவர் வாபஸ் வாங்கவில்லை. வாங்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவரை நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். இதை எழுதும் நானும், ஈஸிசேரில் சாய்ந்து படிக்கும் நீங்களும் அவரேதான். அடுத்த தெருக்காரன் தன் மைத்துனனுக்கு வேலை தேடிக் கொடுத்தால் அது மதவெறி. நாம் தேடிக் கொடுத்தால் அது குடும்பப் பாசம். இந்த அகராதியை நமக்கு யார் அச்சிட்டுக் கொடுத்தார்கள்?

லெப்பைக்குடிக்காட்டுக்காரர் அக்கரைக்குப் போகிற விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் போனவர் ஒரு சபராளி. தாம் இருக்கும் கடையில் ஆள் தேவை என்ற செய்தியை அவர் முதலில் சொல்வது மைத்துனனுக்கு. டிக்கெட்டுக்குக் கைமாற்று கிடைக்கிறது. போய் இறங்கினால் படுக்க அறையில் ஓர் இடம். முதல் சம்பளம் வரும்வரை சோறு. எந்த ஏஜெண்டு ஏமாற்றுவான், எந்த முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வான் என்ற தகவலும் கூடவே கிடைக்கிறது. பணத்தைவிட அது பெரிய முதல். ஆண்டிமடத்திலிருந்தும் ஜயங்கொண்டத்திலிருந்தும் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் ஹிந்துப் பையன்களும் இதே வழியில்தான் போகிறார்கள். 2015-இல் எடுத்த கணக்கின்படி, வெளிநாடுகளில் இருந்த தமிழ்நாட்டார் சுமார் 22 லட்சம் பேர். தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் அவர்களில் எத்தனை பேர் கப்பலோ விமானமோ ஏறியிருப்பார்கள்?

அக்கரைக்குப் போனவனைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நாம், இக்கரையில் அவனுக்கு எந்தக் கதவைத் திறந்து வைத்தோம்? சுகதேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2007-இல் வெளிவந்தது. தனியார் கம்பெனிகளின் பத்திரிகை விளம்பரங்களுக்கு 4,808 மனுக்கள் அனுப்பினார்கள். படிப்பு ஒன்றே, பெயர்தான் வேறு. ஒன்றில் உயர்ஜாதி ஹிந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்ஜாதிப் பெயருக்கு அழைப்பு வருகிற வாய்ப்பை மூன்று பங்கு என்று வைத்தால், தலித் பெயருக்கு இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு ஒரே பங்கு. நமது கனவான் சொன்ன 'தகுதி' உறைக்குள்ளேயே இருந்துவிட்டது. உறையின் மேல் இருந்த பெயர் மட்டும் ஆபீசுக்குள் போயிற்று. கதவைச் சாத்திவிட்டு, "அவர்கள் தங்களுக்குள்ளேயே கூடிக்கொள்கிறார்கள்" என்று குறை சொல்லுவது எந்த ஊர் நியாயம்?

அதற்காக, கூட்டம் சேர்ந்து வாழ்வதே தர்மம் என்று நான் வாதிக்கப் போவதில்லை. கொடுக்கிற கை பிடித்தும் வைத்துக்கொள்ளும். பம்பாய் தாதரில் மன்ஷி, ரோசன்ஸ்வைக் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் செய்து 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைக் காட்டுகிறது. தொழிலாளர் ஜாதிகளில் மாமனும் சிற்றப்பனும் பிடித்து வைத்திருந்த ஆலை வேலை காத்திருந்ததால், பையன்களை மராத்திப் பள்ளிக்கே அனுப்பினார்கள். பெண்களுக்கு அப்படி வேலை பிடித்துக் கொடுக்க யாருமில்லை. அதனாலேயே அவர்கள் இங்கிலீஷ் பள்ளிக்குப் போய், புதிய காலம் வந்தபோது முந்திக்கொண்டார்கள். மாமாவின் விரலைப் பிடித்து நடந்தவன், மாமா போன தூரம்தான் போனான்.

ஆனால் விரல் கொடுக்க ஆளே இல்லாதவன் கதி?

பெரம்பலூர் ஜில்லாவில், 2011 கணக்குப்படி, நூற்றுக்கு 31 பேர் பட்டியல் ஜாதியினர். பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் கூலிக்குப் போகிற குடும்பத்துப் பையனுக்கு உறவு இல்லாமல் இல்லை. அவனுக்கும் மாமா உண்டு. அந்த மாமா பக்கத்துக் காட்டில் களை வெட்டுகிறார். அவருக்குத் தெரிந்த வேலை காலி அதுதான்.

இவன் சாமியை மாற்றிக்கொண்டால் பிழைப்பானா? ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவரின் அடைக்கல மாதா கோயில் இருக்கிறது. அங்கே யாரும் போய் மண்டியிடலாம். ஆனால் சர்க்கார் ரிஜிஸ்தரில் அடைக்கலம் வேறு விதமாகக் கணக்கிடப்படுகிறது. 1950-இல் போட்ட ஜனாதிபதி உத்தரவுப்படி, ஹிந்துவாக இல்லாத தலித் பட்டியல் ஜாதிக்காரன் அல்ல. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விலக்குத் தந்தார்கள்; கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவனைப் பிற்பட்ட வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் அவன் இருக்கும் தெரு மாறவில்லை. தெருவுக்குப் பெயர் வைத்தவர்களின் மனமும் மாறவில்லை. சலுகை மட்டும் மாறிவிட்டது!

இப்படிப்பட்ட பையனுக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு மாமாதான் உண்டு. அவர் பெயர் பொதுப் பரீட்சை. அவர் கைப்பிடித்து அழைத்து வருவது இட ஒதுக்கீடு. 1929-இல், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, சென்னையில் ஸர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. அதன் வாரிசுதான் இன்றைய தேர்வாணையம். அது நடத்தும் குரூப் நான்கு பரீட்சையைப் பத்தாவது தேறியவன் யாரும் எழுதலாம். யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். அந்த மாமாவைத்தான் நாம் 'தகுதியைக் கெடுப்பவர்' என்று பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் வைகிறோம், நம் மாமாக்களின் தோளில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு.

அரியலூர் மண்ணுக்கடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லை வெட்டிச் சிமெண்டு ஆக்குகிறார்கள். 2023-இல் பெரம்பலூருக்குப் பக்கத்தில் எறையூரில் செருப்பு ஆலை வந்திருக்கிறது. பெரும்பாலும் பெண்களுக்கு வேலை என்கிறார்கள். சந்தோஷம். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன்: இனி இங்கே வருகிற ஒவ்வொரு ஆலையிலும் இடம் காலி என்ற செய்தி யார் காதில் முதலில் விழப்போகிறது? காண்ட்ராக்டரின் மைத்துனன் காதிலா? ஒவ்வொரு காலி இடத்தையும் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். யாரை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதையும் அதே சுவரில் ஒட்டட்டும். ஒரு தாளும் கொஞ்சம் பசையும்தான் செலவு. அதற்கு மனம் வராதவர்கள் தகுதியைப் பற்றிப் பேச வேண்டாம்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அந்தக் கனவான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேரன் பி.ஏ. முடித்திருக்கிறான், சார். நீங்கள் பத்திரிகைகளில் எழுதுகிறவர். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது..."

நல்ல மனுஷர், வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்துவிட்டோம். முகத்தை எப்படி முறிப்பது? நான் ஒரு பெயரைச் சொன்னேன். டெலிபோன் நம்பரும் எழுதிக் கொடுத்தேன்.

அந்த இடத்துக்கு மனுச் செய்திருக்கக்கூடிய இன்னொரு பையனை, அவன் யார், எந்த ஊர் என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல், ஒரு துண்டுக் காகிதத்தால் நான் பின்னுக்குத் தள்ளினேன். எவ்வளவு சுலபமாக இருந்தது!