பிறேக் 'திடீரென' செயலிழப்பதில்லை

விபத்துச் செய்திகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி வரும். பிறேக் திடீரெனச் செயலிழந்தமையே விபத்துக்குக் காரணம் என்பதே அது. பத்திரிகைத் தொழிலில் கழிந்த இத்தனை வருடங்களில் இதனை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். 'திடீரென' என்ற அந்தச் சொல்லில் மட்டும் எனக்கு ஒருபோதும் உடன்பாடு ஏற்பட்டதில்லை.

பழைய கார்களைப் பேணுவோருக்கு இது விசேடமாகப் பொருந்தும். 1948 இல் தொடங்கி 1971 வரை, பதினாறு இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியான மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் இன்றும் அது ஓடுகின்றது. வர்ணம் பூசவும் குறோமியப் பூச்சு மினுங்கவும் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். பிறேக்கின் மாஸ்ரர் சிலிண்டரோ சாரதியின் காலடியில், தரைத் தகட்டின் கீழே மறைந்து கிடக்கின்றது. கண்ணுக்குத் தெரியாதது கவனத்துக்கும் வருவதில்லை.

இக்காலக் கார்களில் பிறேக் ஒயில் இரு தனித்தனி வழிகளில் செல்கின்றது. ஒன்று பழுதானாலும் மற்றையது காப்பாற்றும். மைனரில் இருப்பதோ ஒரே வழி. ஒரு றப்பர் குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் இல்லை. எஞ்சுவது கம்பியால் இயங்கி, பின் சில்லுகளை மாத்திரம் பிடிக்கும் கைப்பிறேக்தான்.

பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 3 வகைக்கு விதிக்கப்பட்ட ஆகக் குறைந்த கொதிநிலை, புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 140 பாகை மாத்திரமே. கடுகண்ணாவை போன்ற இறக்கங்களில் தொடர்ந்து மிதித்து வரும்போது சூடேறி, ஒயில் கொதித்து, குழாயினுள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. அதே ஈரம் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்கவும் செய்யும். எனவே இரு வருடங்களுக்கு ஒரு தடவையாவது பழைய ஒயிலை முற்றாக வெளியேற்றிப் புதியதை நிரப்புதல் வேண்டும். அவசரத்துக்கென்று எஞ்சின் ஒயிலை ஊற்றினால் றப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

"இரண்டு தடவை மிதித்தால் பிடிக்கும்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது பெருமையல்ல, எச்சரிக்கை. லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம், ஒயில் கசியலாம், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம். கார் ஒரு பக்கம் இழுப்பதும் அவ்வாறான அறிகுறியே. றம்மைக் கழற்றும்போது உள்ளே உள்ள தூளை ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நான் மெச்சுகிறேன். எஞ்சினை ஏமாற்றலாம், அது நின்றுபோனால் இறங்கி நடக்கலாம். பிறேக்கை ஏமாற்ற முடியாது.

மெதுவாகத்தானே ஓடுகிறோம் என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். ஆனால் முன்னே செல்லும் புதிய வாகனம் சட்டென்று நின்றுவிடும். சைக்கிளில் குறுக்கே வரும் பிள்ளைக்கு உங்கள் காரின் வயது தெரியாது.

வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது தனியார் காருக்குக் காப்புறுதி கேட்கிறார்கள். 2008 இல் ஆரம்பமான புகைப் பரிசோதனையின் சான்றிதழும் கேட்கிறார்கள். புகையை அளக்கும் அந்தப் பரிசோதனை பிறேக்கை அளப்பதில்லை. பழைய வாகனங்களுக்கேனும் வருடாந்தப் பிறேக் பரிசோதனை கட்டாயமாக்கப்படல் வேண்டும் என்பதே என் கருத்து. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பழைய கார்களைக் கூட்டி ஊர்வலம் நடத்துகின்ற சங்கங்கள், பிறேக்கைச் சோதித்த பின்னரே ஒரு காரை வரிசையில் சேர்ப்பது என்று இன்றே தீர்மானிக்கலாம். ஓடுகின்ற பழைய கார் அழகுதான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்பதே அதன் தகுதி.