தூண்டில் போட்டவன் கள்வனா?

மாரி ஓய்ந்து, வான் பாய்வதும் நின்ற பின்னர் எமது கிராமக் குளக்கட்டுகளில் மாலை வேளையில் காணும் காட்சியை வாசகர்கள் அறிவார்கள். கையில் ஒரு தடி, அதில் நைலோன் நூல், சிரட்டையில் மண்புழு, பக்கத்தில் ஈர்க்கில் கோத்த நாலைந்து திலாப்பியா. பாடசாலை விட்டு வந்த பையனும் வயலுக்குப் போக இயலாத முதியவரும் அருகருகே குந்தியிருப்பார்கள். அன்றிரவு அந்த வீடுகளில் மீன்கறி.

சென்ற வருடம் நாம் போன ஒரு கிராமத்தில் இந்தத் தடிகளை முறித்துக் கட்டில் போட்டிருந்தார்கள். குளத்து மீன் வெளியூர் வியாபாரி ஒருவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டதாம். ஆகவே தூண்டில் போடுவது களவாம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைப் பலர் முன்னிலையில் ஏசியிருக்கிறார்கள். தாய் வந்து மன்னிப்புக் கேட்டு அழைத்துப் போனாள். குத்தகைப் பணத்தில் சனசமூக நிலையத்துக்குக் கதிரைகள் வாங்கியதைப் பெருமையுடன் காட்டினார்கள். கதிரைகள் நல்லவைதான். ஆனால் அந்தத் தாயின் சட்டிக்குள் என்ன போனது என்று கேட்க எமக்கு மனம் வரவில்லை.

அந்தப் பையன் யாருடைய மீனைப் பிடித்தான்? திலாப்பியா 1952 இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்க வைத்துக் காக்கும். ஆழமற்ற அலைகரைப் பக்கம் தானாகவே குழி தோண்டிப் பெருகும். ஒருவரும் காசு கொடுத்துக் குஞ்சு விட வேண்டியதில்லை. 1990 இல் அரசாங்கம் நன்னீர் மீன்வளர்ப்புக்கான உதவியை நிறுத்தி, 1994 இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த நாலு வருடமும் திலாப்பியா எவரையும் கேட்காமல் குளங்களில் பெருகியே இருந்தது.

கட்லா, ரோகு, மிரிகால் போன்ற மீன்களின் கதை வேறு. அவை எமது குளங்களில் தாமாக இனம் பெருகுவதில்லை. குஞ்சு வாங்கி விட வேண்டும், காவல் இருக்க வேண்டும். பருவக் குளமென்றால் நீர் வற்றுமுன் சில மாதங்களுக்குள் வளர்த்துப் பிடித்துவிட வேண்டும். பணம் போட்ட கமக்காரர் அமைப்புக்கு அந்த மீனில் உரிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கட்லா மண்புழுவைத் தேடி வரும் மீன் அன்று. நீரின் மேற்பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை உண்டு வளர்வது. சாதாரண கார்ப் சிலவேளை புழுவுக்கு வாய் வைக்கும், உண்மைதான். மற்றப்படி தூண்டிலில் அகப்படுவது பெரும்பாலும் திலாப்பியாவும் கெளுத்தியும் விராலுமே. விரால் விட்ட குஞ்சுகளைத் தின்னும் மீன். அதைப் பிடிக்கும் பையனுக்கு அமைப்பு கூலி கொடுத்தாலும் தகும்!

குளத்தை உண்மையில் வெறுமையாக்குவது சின்னக் கண் வலை. நன்னீர் நிலைகளில் 85 மில்லிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள்வலை போடக்கூடாது என்று விதி இருக்கிறது. குத்தகைக்காரர் அடுத்த வருடம் வருவாரோ தெரியாது. ஆகவே நீர் வற்றும் நாளில் விரல் நீளக் குஞ்சையும் வாரிக்கொண்டு போய்விடுகிறார். இதைக் கண்டும் பேசாதிருந்த நிர்வாகத்தினர், தடியை முறிக்க மட்டும் ஓடிவந்தது எமக்கு விளங்கவில்லை.

குத்தகையே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. முதலில் ஊரவருக்குக் கேட்டுப் பார்க்கட்டும். அவர்களிடம் வலைக்குப் பணமில்லையென்றால் மாதர் சங்கத்தின் சேமிப்பிலிருந்து கடன் கொடுக்கலாம். வெளியாருக்குத்தான் கொடுப்பதென்றால் வலையின் கண்ணளவையும், பிடிக்கும் மீனில் ஒரு பங்கைக் குளக்கட்டிலேயே ஊர் விலைக்கு விற்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வைக்கட்டும். குஞ்சு விட்ட முதல் இரண்டு மாதம் தூண்டிலையும் நிறுத்தலாம். அதன் பின் வீட்டுக் கறிக்குப் பிடிப்பவரைத் தடுக்கக் கூடாது. துருசைத் திறப்பவர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிறுபோகத்தின் கடைசி நீரையும் வயலுக்கு இறக்கிவிட்டால், அடுத்த மாரிக்கு இனம் பெருக்கத் தாய்மீன் எங்கே தங்கும்?

காலபோகக் கூட்டத்தில் விதைப்புத் திகதி, வேலி, கட்டாக்காலி மாடு எல்லாம் பேசுகிறோம். குளத்து மீனைப் பற்றி அங்கே பேசியதாக நாம் கேள்விப்பட்ட கிராமங்கள் மிகச் சில. குத்தகை பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து முடித்துவிடும் காரியம். இவ்வருடக் கூட்டத்தில் யாராவது எழுந்து அதைக் கேட்கட்டும். தூண்டில் போடுகிறவர்களையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள்.