மிளகுக்கு ஒரு சொட்டு

காலையில் வானொலியில் உங்களுக்கு வணக்கம் சொல்ல வருவதற்கு முன், போன வாரம் முழுக்க வீட்டில் ஒருவனுக்கு ஊட்டிவிட்டு வந்தேன். பெயர் மிளகு. வயது இரண்டரை. நான் வளர்த்த எலி.

"எல்லாரும் எலிக்குப் பொறி வைக்கிறாங்க, நீ அதுக்கு மருந்து வாங்கிட்டு வர்றியா?" என்றார் அம்மா.

வளர்ப்பு எலியின் ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டுதான். மிளகுக்கு நுரையீரல் நோய். மூக்கோரம் சிவப்பாகக் கசிந்ததும் ரத்தம் என்று பதறினேன். கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியின் நீர் அது, முடியாதபோது அதிகம் வடியும் என்றார் மருத்துவர்.

ஊசியில்லாத சிரிஞ்சில், நீர்க்கக் கரைத்த குழந்தை உணவு. மல்லாத்தக் கூடாது. வாயோரமாக ஒரு சொட்டு. விழுங்கிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும்.

வியாழக்கிழமை மருத்துவர், "இனி வற்புறுத்த வேண்டாம்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரவு மறுபடியும் சிரிஞ்சை நீட்டினேன். மிளகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"விடும்மா, அவனுக்கு வேண்டாமாம்" என்றார் அம்மா. அதுவரை அவருக்கு அவன் 'அது'தான்.

சிரிஞ்சை வைத்துவிட்டு, அவனைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நிகழ்ச்சியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே பதறுகிறவள் நான். அன்று ஒரு மணி நேரம் எதுவும் பேசவில்லை.

உங்கள் வீட்டிலும் சாப்பாட்டை ஒதுக்கும் முதியவரோ செல்லப்பிராணியோ இருக்கலாம். மருத்துவரைக் கேளுங்கள். கூடவே, அந்த முகத்தையும் பாருங்கள்.

சனிக்கிழமை செம்பருத்திச் செடியடியில் குழி தோண்டியது அம்மாதான்.